ஐந்து கட்டைக்கும் ஐந்தரைக்கும் நடுவே

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் பழைய இசைத்தட்டு வைத்திருக்கும் வீடுகள் இரண்டு வகை. ஒன்று, தாத்தா காலத்திலிருந்தே கச்சேரிப் பைத்தியம் பிடித்த வீடு. செம்பை வைத்தியநாத பாகவதரின் ஊர் இதே பாலக்காடு மாவட்டத்தில் கோட்டாயிப் பக்கம்தான். அப்படிச் சில வீடுகள் இங்கே இருப்பதில் வியப்பில்லை. இன்னொன்று, வளைகுடாவுக்குப் போய்வந்தவர்கள் வீடு. டேப் ரெக்கார்டரோடு ரெக்கார்டு பிளேயரையும் தூக்கி வந்தவர்கள் அவர்களில் உண்டு. மின்சாரப் பொருட்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். இரண்டு வகை வீடுகளிலிருந்தும் பிளேயர்கள் என் மேசைக்கு வருகின்றன. வருமானம் என்று பார்த்தால் மிக்ஸிக்குக் கார்பன் மாற்றுவதே மேல். ஆனாலும் மிக்ஸியைக் காத்திருக்க வைத்துவிட்டு இதைத்தான் முதலில் திறக்கிறேன்.

கொண்டுவருகிறவர்கள் 'சத்தம் சரியில்லை' என்று மட்டும்தான் சொல்வார்கள். உட்கார வைத்துக் கேட்டால் பாதிப் பேருடைய குறை வேகத்தில் வந்து நிற்கும். பாட்டு இழுக்கிறது, குரல் கீச்சென்று இருக்கிறது, நாதஸ்வரம் நடுங்குகிறது. மூன்றும் வெவ்வேறு நோய்கள், மருந்தும் வெவ்வேறு.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். தட்டின் தடத்தில் ஒலி அலைகளாகப் பதிந்திருக்கிறது. முள் ஒரு விநாடியில் எத்தனை அலைகளைக் கடக்கிறதோ அதுவே நம் காதில் விழும் சுருதி. தட்டு வேகமாகச் சுற்றினால் சுருதி ஏறும், காலப்பிரமாணமும் ஏறும். மெதுவாகச் சுற்றினால் இரண்டும் இறங்கும். கணினியில் சுருதியை மட்டும் தனியே ஏற்றி இறக்க முடிகிறது. தட்டில் அது நடக்காது. பாடுகிறவரின் சுருதியை ஹார்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை எண்ணி ஒரு கட்டை, இரண்டு கட்டை என்று சொல்வது வழக்கம். ஒரு வெள்ளைக் கட்டைக்கும் அதை ஒட்டிய கறுப்புக் கட்டைக்கும் உள்ள வித்தியாசத்தை நாம் அரைக் கட்டை என்கிறோம். வேகம் ஏறக்குறைய 6 சதவீதம் மாறினால் சுருதி அரைக் கட்டை மாறும். இசைக்கணக்கில் அந்த அரைக் கட்டையை நூறு சென்ட்டாகப் பிரிக்கிறார்கள். ஆக, வேகத்தில் 1 சதவீதப் பிழை என்பது சுருதியில் 17 சென்ட். நிமிடத்துக்கு 33⅓ சுற்றுக்கான தட்டைத் தவறி 45-இல் ஓட்டினால் ஐந்து அரைக் கட்டைகளுக்கும் சற்று மேலே போய்விடும். அதை எல்லோரும் கண்டுபிடித்துச் சிரித்துவிடுவார்கள். வம்பெல்லாம் 2, 3 சதவீதத்தில்தான்.

தனியாக உட்கார்ந்து கேட்கிறவருக்கு 3 சதவீதம் தெரியவே தெரியாது. ஒரே சீராக விலகியிருந்தால் இரண்டு நிமிடத்தில் காது அதையே சரி என்று ஏற்றுக்கொள்ளும். பக்கத்தில் வேறொரு சுருதி ஒலிக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். எங்கள் ஊர்ப் பாட்டு டீச்சர் வந்தது அப்படித்தான். பிள்ளைகளுக்கு ஒரு கீர்த்தனையை எல்.பி.யில் (33⅓ சுற்றுத் தட்டில்) போட்டுக் காட்டி, கூடவே மின்சாரச் சுருதிப் பெட்டியையும் வைத்துப் பாடச் சொல்வது அவர் வழக்கம். "ஐந்திலும் சேரவில்லை, ஐந்தரையிலும் சேரவில்லை. நடுவில் நின்றுகொண்டு பிள்ளைகள் காதைக் கெடுக்கிறது தம்பி" என்றார். பாடகியைக் குறை சொல்வதா, பெட்டியைக் குறை சொல்வதா என்று அவருக்கு ஒரே குழப்பம்.

இந்த இடத்தில் திருப்புளியை எடுக்கக் கூடாது. கடிகாரத்தை எடுக்க வேண்டும். 33⅓ என்ற எண்ணில் ஒரு வசதி இருக்கிறது: நூறு சுற்றுக்குச் சரியாக மூன்று நிமிடம். சுழலும் தட்டின் விளிம்பில் சிறு காகிதத்துண்டை ஒட்டி, பாட்டை ஓடவிட்டு, கைப்பேசிக் கடிகாரத்தை அழுத்தி நூறு வரை எண்ணுங்கள். துண்டு உங்களைக் கடக்கும் முதல் தடவையை 'பூச்சியம்' என்று எண்ணத் தொடங்குங்கள். 'ஒன்று' என்று தொடங்கினால் கணக்கில் ஒரு சுற்று காணாமல் போகும். 45-க்குத் தொண்ணூறு சுற்றுகள், இரண்டு நிமிடம். முள் தட்டின் மேல் இருக்கும்போதே எண்ண வேண்டும், ஏனென்றால் முள் உரசும் பாரம் சில இலேசான பிளேயர்களின் வேகத்தைக் குறைக்கும். டீச்சருடைய பிளேயரில் நூறு சுற்றுக்கு 185 விநாடி ஆனது. அதாவது 2.7 சதவீதம் மந்தம், 47 சென்ட் இறக்கம். அரைக் கட்டையில் ஏறக்குறைய பாதி. ஆக, பாடகி பாடியது ஐந்தரைக் கட்டை. டீச்சர் வீட்டில் அவர் ஐந்தேகாலில் பாடிக்கொண்டிருந்தார்.

கைப்பேசியையே தட்டின் மேல் வைத்து வேகம் காட்டும் செயலிகளும் இருக்கின்றன. கனமான உலோகத் தட்டு உள்ள பிளேயருக்கு அவை போதும். பிளாஸ்டிக் தட்டுள்ள சிறிய பிளேயரில் கைப்பேசியின் எடையே வேகத்தைக் குறைத்துவிடும். நான் எண்ணிப் பார்ப்பதையே நம்புகிறேன்.

டீச்சருடையது நேர்மின் மோட்டார் உள்ள பெல்ட் வகை. அந்த மோட்டார்களின் அடியிலோ பிளேயரின் அடியிலோ சிறு துளை இருக்கும். உள்ளே திருகிச் சரிசெய்ய ஒரு சிறிய திருகு. 33-க்கு ஒன்று, 45-க்கு ஒன்று என இரண்டு இருப்பதும் உண்டு. பல வருடம் அசையாமல் இருந்த திருகில் அழுக்கு சேர்ந்திருக்கும். முதலில் அது நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டு, இருபுறமும் சில தடவை திருகி அழுக்கை விடுவித்த பிறகுதான் வேகத்தைச் சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் இன்று சரியாக நிற்பது நாளை விலகும். பெல்ட் தளர்ந்து வழுக்கினால் திருகி எந்தப் பயனும் இல்லை, பெல்ட்டை மாற்றுங்கள். புதிய பெல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கமாகவும் போடாதீர்கள், மோட்டாரின் புஷ் தேய்ந்துபோகும்.

எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. நடுத்தண்டு உட்காரும் குழியில் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு போதும். எங்கள் ஊரில் எதற்கெடுத்தாலும் தேங்காய் எண்ணெய். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். மார்கழியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் விடியற்காலையில், கச்சேரி கேட்கும் அந்த மாதத்திலேயே, தட்டு முக்கி முனகிச் சுற்றத் தொடங்கும். வெயில் ஏறிய பிறகு தானாகச் சரியாகிவிடும். 'காலையில் மட்டும் இழுக்கிறது' என்று யாராவது சொன்னால் முதலில் குழியைத்தான் முகர்ந்து பார்க்கிறேன்.

அடுத்தது ரியாத்திலிருந்து வந்த பிளேயர். மரப்பெட்டி, கண்ணாடி மூடி, கீறல் இல்லாத தோற்றம். வைத்திருந்த இக்கா (இங்கே முஸ்லிம் அண்ணன்களை அப்படித்தான் கூப்பிடுவோம்) அதை ஊருக்குக் கொண்டுவந்து பரணில் ஏற்றியவர். பேரன் எடுத்துத் துடைத்த பிறகுதான் அது ஓடியது. "பெண் பாடினால் ஆண் பாடுவது போல இருக்கிறது தம்பி, மோட்டார் போய்விட்டதா?" என்று கேட்டார். மோட்டாருக்கு ஒரு குறையும் இல்லை. சவூதியில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இந்தியாவில் 50. அந்தக் காலத்துப் பல பிளேயர்களில் இருப்பது மின்னோட்டத்தின் அலைவெண்ணைப் பின்பற்றிச் சுற்றும் ஸிங்க்ரனஸ் மோட்டார். மின்னழுத்தம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் அதற்குக் கவலையில்லை, ஹெர்ட்ஸ் மட்டும்தான் கணக்கு. 60-க்குச் செய்ததை 50-இல் மாட்டினால் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் ஓடும். 33⅓ சுற்று 27.8 ஆகிவிடும். சுருதி மூன்று அரைக் கட்டை இறங்கும்: ஐந்து கட்டைப் பாடகி மூன்று கட்டையில் பாடுவார் (மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே கறுப்புக் கட்டை இல்லை). மின்மாற்றி வாங்கி மாட்டினால் சரியாகிவிடும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். மின்மாற்றி வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸைத் தொடாது. இதைப் புரியவைப்பதற்குள் இரண்டு கட்டன் சாயா ஆகிவிட்டது.

இதற்கு வழி, மோட்டார் தண்டில் உள்ள புல்லியைப் பெரிதாக்குவது. சில தயாரிப்பாளர்கள் 50-க்கும் 60-க்கும் தனித்தனிப் புல்லி வைத்திருந்தார்கள். பழைய மாடல்களுக்கு இன்று தேடினால் கிடைப்பது அரிது. கோயம்புத்தூர் பக்கத்தில் இருக்கும்போது லேத் பட்டறைக்குப் பஞ்சமா? பித்தளையில் கடைந்து வாங்கிக்கொள்ளலாம். அளவு கொடுப்பதில்தான் நுட்பம் இருக்கிறது. பழைய புல்லியின் விட்டம் 10 மில்லிமீட்டர் என்றால் 1.2 மடங்கு, 12 மில்லிமீட்டர் என்று எழுதிக் கொடுக்கக் கை துறுதுறுக்கும். கொடுக்கக் கூடாது. பெல்ட்டின் தடிமனும் விட்டத்தோடு சேரும். பெல்ட் 0.6 மில்லிமீட்டர் என்றால் கணக்கில் வரும் விட்டம் 10.6, அதன் 1.2 மடங்கு 12.72, அதிலிருந்து பெல்ட்டைக் கழித்தால் 12.12. இந்த 0.12-ஐ விட்டுவிட்டால் பிளேயர் ஏறக்குறைய 1 சதவீதம் மந்தமாக ஓடும், 16 சென்ட் இறங்கும். பாட்டு டீச்சர் போன்றவர் கையில் அந்தப் பிளேயர் போனால் மாட்டிக்கொள்வோம். அத்தோடு புல்லியின் நடுப்பகுதி மிக இலேசாகப் புடைத்திருக்க வேண்டும். அந்தப் புடைப்புதான் பெல்ட்டை நடுவில் நிறுத்தி வைக்கிறது. தட்டையாகக் கடைந்தால் பெல்ட் ஏறி இறங்கிக் கழன்றுவிடும். லேத்காரரிடம் பழைய புல்லியையும் கூடவே கொடுத்துவிட்டு, "அண்ணா, வளைவு இதே மாதிரி" என்று காட்டினால் போதும்.

இந்த ஹெர்ட்ஸ் விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது. பல பிளேயர்களில் தட்டின் விளிம்பில் புள்ளிகளும், அருகே சிறு நியான் விளக்கும் இருக்கும். அந்த விளக்கு 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விநாடிக்கு 100 தடவை மின்னும். 33⅓-க்கு 180 புள்ளிகள்; வேகம் சரியாக இருந்தால் புள்ளிகள் நின்றது போலத் தெரியும். விநாடிக்கு ஒரு புள்ளி வீதம் நகர்ந்தால் பிழை 1 சதவீதம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் தட்டைச் சுற்றுவதும் விளக்கை மின்ன வைப்பதும் ஒரே கம்பி மின்சாரம் என்றால்? மின்சாரத்தின் ஹெர்ட்ஸ் குறைந்தால் மோட்டாரும் மெதுவாகும், விளக்கும் அதே அளவு மெதுவாக மின்னும், புள்ளிகள் அசையாமல் நிற்கும். பிழை செய்தவரே சாட்சியும் சொல்கிறார்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. தொண்ணூறுகளில் தென்னிந்திய மின் தொகுப்பில் மின்சாரம் தட்டுப்பாடான மாலை நேரங்களில் அலைவெண் 48.5-க்கும் கீழே இறங்கிக் கிடந்தது. 48.5 என்றால் 3 சதவீதம், அரைக் கட்டையில் பாதி. கல்யாண வீடுகளுக்கு மைக் செட் கட்டும் ஒரு மாமாவிடம் சின்ன வயதில் எடுபிடியாக இருந்திருக்கிறேன். 'சாயங்காலம் போட்டால் பாட்டு தொய்கிறது, ஜெனரேட்டரில் போட்டால் விறைக்கிறது' என்பார். யாரும் நம்பவில்லை. அவர் காது பொய் சொல்லவில்லை என்று இப்போது தெரிகிறது. சுமை குறைவாக இருக்கும் டீசல் ஜெனரேட்டர் 52 ஹெர்ட்ஸ் வரை ஓடுவது சாதாரணம். 48.5-க்கும் 52-க்கும் இடையே சுருதியில் அரைக் கட்டைக்கும் மேலே வித்தியாசம் வரும். மின்சாரம் போய் ஜெனரேட்டர் எடுத்த நிமிடத்தில் அதே பாடகர் ஒரு கறுப்புக் கட்டை தாண்டிவிடுவார். தென் மண்டலத்தில் 2003 ஜனவரியில் அலைவெண்ணைப் பொறுத்து மின்கட்டணம் கூடிக் குறையும் முறை வந்த பிறகு நிலைமை தேறியது. 2013 டிசம்பர் 31 அன்று தென் மண்டலம் நாட்டின் மற்றத் தொகுப்போடு இணைந்தது. இன்று அலைவெண் பெரும்பாலும் 49.9-க்கும் 50.05-க்கும் இடையே நிற்கிறது. அது சுருதியில் நான்கு சென்ட்டைத் தாண்டாது; எந்த டீச்சருக்கும் கேட்காது. ஆகவே வீட்டு மின்சாரத்தைச் சந்தேகிக்கும் வேலை இப்போது இல்லை. ஜெனரேட்டரில் ஓட்டினால் மட்டும் சந்தேகியுங்கள்.

புள்ளித் தட்டைக் காகிதத்தில் அச்சிட்டு வைத்துச் சோதிப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. இணையத்தில் கிடைப்பவற்றில் பல அமெரிக்காவுக்கானவை, 60 ஹெர்ட்ஸ், 216 புள்ளி. அதை நம் விளக்கின் கீழ் வைத்துச் சரிசெய்தால் பிளேயரை இக்காவின் 27.8-க்குத் தள்ளிவிடுவீர்கள். 180 இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். இன்னொன்று, இப்போதைய எல்.இ.டி. விளக்குகள் பலவற்றில் அந்த 100 மின்னல் இல்லை. புள்ளிகள் கலங்கலாகத்தான் தெரியும். மூலையில் கிடக்கும் பழைய சோக் வைத்த டியூப் லைட்டோ நியான் விளக்கோ இருந்தால் பயன்படும்.

மிகப் பழைய, ரப்பர் சக்கரம் தட்டை உரசிச் சுற்றும் பிளேயர்களில் சேதி வேறு. அவற்றில் பலவற்றின் மோட்டார் மின்னழுத்தத்துக்கும் ஆடும். மாலையில் வோல்ட் குறையும் கிராமத்தில் பாட்டும் இறங்கும். ஓட்டி முடித்ததும் வேகக் குமிழை நடுநிலைக்குக் கொண்டுவராமல் விட்டால் ரப்பரில் ஓரிடம் அமுங்கித் தட்டையாகிவிடும். பிறகு அந்தச் சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் டொக் என்று ஒரு நடுக்கம். சக்கரத்தை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

நாதஸ்வரம் நடுங்கும் வழக்குக்கு வருகிறேன். சீராக விலகாமல், சுருதி ஏறி இறங்கி ஆடினால் காது அதற்குப் பழகவே பழகாது. ஆட்டத்தின் இடைவெளியை எண்ணுங்கள். 33⅓-இல் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. ஆட்டம் சரியாக அந்த இடைவெளியில் வந்தால் குற்றம் பெரும்பாலும் தட்டுடையது: நடுத்துளை மையம் விலகியிருக்கிறது, அல்லது தட்டு நெளிந்திருக்கிறது. முள் தாங்கிய கையைப் பக்கத்திலிருந்து பாருங்கள். இடமும் வலமுமாக ஊஞ்சலாடினால் துளை, மேலும் கீழுமாக ஆடினால் நெளிவு. ஒரு மில்லிமீட்டர் விலகிய துளை வெளிவிளிம்பில் ஏறக்குறைய 12 சென்ட் ஏற்றமும் 12 சென்ட் இறக்கமும்தான் தரும். அதே விலகல் உட்புறத் தடத்தில், மையத்திலிருந்து ஆறு சென்டிமீட்டர் தூரத்தில், இருபுறமும் 29 சென்ட் ஆகிவிடும். முதல் பாட்டு நன்றாக இருந்து கடைசிப் பாட்டு தள்ளாடுவதற்கு இதுதான் காரணம், பிளேயர் களைத்துப்போகவில்லை. கமகம் நிறைந்த ராக ஆலாபனையில் இந்த ஆட்டம் ஒளிந்துகொள்ளும். ஒரே ஸ்வரத்தில் நீண்டு நிற்கும் கார்வையிலும் தம்பூராவிலும் அப்பட்டமாகத் தெரியும். அதனால் தட்டைச் சோதிக்கக் கார்வை உள்ள இடத்தைத் தேடிப் போடுங்கள். துளையை அரத்தால் கொஞ்சம் அகலப்படுத்தி, கையின் ஊஞ்சல் நிற்கும்வரை தட்டைத் தள்ளித் தள்ளி மையப்படுத்துகிறவர்கள் உண்டு. சாதாரணத் தட்டுக்கு நானும் செய்கிறேன். அரிய தட்டில் அரம் வைக்க எனக்கு மனம் வராது.

நெளிவுக்கு எங்கள் பக்கத்துத் தகரக் கூரையும் ஆஸ்பெஸ்டாஸும் பெரிய காரணம். பரணில் படுக்கையாக அடுக்காதீர்கள். நிழலான சுவரோரம் நிமிர்த்தி வையுங்கள்.

மந்தமான பிளேயரைக் கண்டுபிடிக்க எம். டி. ராமநாதன் தட்டைப் போடாதீர்கள். மஞ்ஞப்பறாவில் பிறந்த அந்த மனிதர் கீழ்ச் சுருதியிலும் விளம்பத்திலும் அப்படி ஆற அமரப் பாடியவர். 30 சுற்றில் ஓடினாலும் ரசிகர்கள் கண்ணை மூடித் தலையாட்டுவார்கள்.

கடைசியாக 78 சுற்று அரக்குத் தட்டுகள். எல்.பி. 1948-இலும் 45 அதற்கு அடுத்த ஆண்டிலும் வந்தவை. அவற்றின் வேகத்தில் சந்தேகமே இல்லை. அரக்குத் தட்டுகள் அப்படியல்ல. மேல் ஒட்டில் என்ன போட்டிருந்தாலும், ஆரம்ப காலப் பதிவுகளின் உண்மையான வேகம் எழுபதுகளில் எங்கோ தொடங்கி எண்பதைத் தாண்டியும் திரிந்தது. மின்சாரம் நிலைப்படுத்திய பிறகும் 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் 78.26, 50 ஹெர்ட்ஸ் நாடுகளில் 77.92 என்றுதான் புள்ளிக் கணக்கு அமைந்தது. அந்த வித்தியாசம் எட்டு சென்ட்கூட இல்லை, விட்டுவிடலாம். ஆனால் 74-க்கும் 80-க்கும் இடையே அரைக் கட்டைக்கு மேல் இருக்கிறது. செங்கோட்டை கிட்டப்பா போல உச்சத்தில் பாடிய நாடக மேடைப் பாடகர்களின் தட்டைக் கேட்டுவிட்டு 'இத்தனை கட்டையா!' என்று வியக்கும் முன் தட்டு எந்த வேகத்தில் ஓடுகிறது என்று பார்ப்பது நல்லது. அவர் பெரிய பாடகர்தான். பிளேயர் கூட்டிக் கொடுத்துப் பெரியவராக வேண்டிய தேவை அவருக்கு இல்லை.

இங்கே நான் பயன்படுத்தும் வழி ஹார்மோனியம். நாடகப் பாட்டுத் தட்டுகளில் ஹார்மோனியப் பக்கவாத்தியம் உண்டு. தம்பூராவை எந்த இடத்திலும் நிறுத்தி மீட்டலாம். ஹார்மோனியம் தன் கட்டையை விட்டு நகராது. ஆகவே தட்டின் ஹார்மோனியம் நம் வீட்டு ஹார்மோனியத்தின் ஒரு கட்டையோடு பொருந்தும்வரை வேகத்தை நகர்த்துகிறேன். இரண்டு இடத்தில் பொருந்தினால் குரலைக் கேட்டு முடிவு செய்கிறேன். வேகம் கூட்டி ஏற்றிய குரலில் குழந்தைத்தனமும் மூக்கொலியும் சேரும், சங்கதிகள் படபடக்கும். மனிதர் தாமே ஏறிப் பாடியதில் அது இருக்காது. 78 இல்லாத பிளேயராக இருந்தால் 45-இல் ஓட்டிக் கணினியில் பதிந்து, பிறகு வேகத்தை 1.73 மடங்காக்கலாம். முள் மட்டும் 78-க்கான தடித்த முள்ளாக இருக்கட்டும். எல்.பி. முள் அந்த அகலத் தடத்தின் அடியில் கிடந்து உருளும், இரைச்சல்தான் மிஞ்சும். பதிந்த கோப்பின் பெயரிலேயே எந்த வேகத்தில் ஓட்டினீர்கள், எந்தக் கட்டைக்குப் பொருத்தினீர்கள் என்று எழுதிவிடுங்கள். நாளை வேறொருவர் அதை 76-க்கு மாற்ற நினைத்தால் எங்கிருந்து தொடங்குவது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.